ஈரச் சாக்குக்கு அடியில் பாதி ஜாடி

என் கோமுவுக்கு, நீ எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வை, அக்கா பேசுகிறேன்.

உன் காலேஜிலிருந்து மேடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வருஷ மலரில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். மற்றவர்கள் எல்லாம் கோமதி நல்ல பெண், அமைதியான பெண் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ அமைதியான பெண்ணா? எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

எனக்குத்தான் எழுத வராதே. அதனால் உன் சிநேகிதி ரஸியா நம் வாசல்படியில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சை அவளே புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் கை வைக்காமல் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் என்றுதான் சொன்னார்கள். நான் என்றைக்கு ஒரு பக்கத்தோடு நின்றிருக்கிறேன்?

முதலில் வீட்டுச் சேதி. நம் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி, மூடாமல் போய்விட்டார்கள். ஸ்ரீமுஷ்ணம் டவுன் பஸ் நீ போகிற நேரத்துக்கு இப்போது வருவதில்லை, நேரத்தை மாற்றிவிட்டார்கள். நம் பொம்மைக் கம்பெனியில் அந்தச் செம்பட்டைப் பூனை, அச்சு அடுக்குகிற பலகைக்குக் கீழே குட்டி போட்டிருக்கிறது. அம்மா டிவியைப் போடுவதே இல்லை. உன் கொரியா நாடகம் வருகிற நேரத்துக்கு மட்டும் போடுவாள், அதுவும் சத்தத்தை அடைத்துவிட்டு. ஏன் என்று கேட்டதற்கு, "சத்தம் எதுக்கு, மூஞ்சிங்களப் பாத்துக்கறேன்" என்று சொன்னாள்.

அந்த நாடகத்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு நாள் கதாநாயகி மொட்டைமாடியில் நின்று அழுகிறாள். அம்மாவும் சேர்ந்து அழுகிறாள். நீ மட்டும் டிவிக்குப் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த பெரிய பெரிய ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பழுப்பு நிறம், வயிறு பெருத்த ஜாடிகள். அம்மாவுக்குக் கோபம்.

"அவ புருசன் செத்துக் கெடக்குறான், நீ ஜாடியப் பாக்குற?"

"புருசன் அடுத்த வாரம் பொழச்சி வந்துடுவான்மா. அந்த ஜாடிய எப்புடிச் செஞ்சாங்கன்னு யாரு சொல்லுவாங்க?"

பீங்கான் கம்பெனிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் வேறு எதைப் பார்ப்பாய். ஆனால் நம் கம்பெனியில் எல்லாம் அச்சு வேலை. மண் கூழை அச்சில் ஊற்று, கொஞ்ச நேரம் விடு, மிச்சத்தைக் கவிழ்த்துவிடு, பொம்மையைப் பிரித்து எடு. அவ்வளவு பெரிய ஜாடி அச்சில் வராது. கையால்தான் வரும். அது உன்னைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் இங்கிலீஷ் மேடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். புத்தகத்தை மூடி வையுங்கள், உங்களுக்கு எதில் பைத்தியம் என்று சொல்லுங்கள், அந்தப் பைத்தியத்தின் வழியாக ஒரு மொழியைப் பிடியுங்கள், எந்த மொழியாக இருந்தாலும் சரி, வருஷக் கடைசியில் எதையாவது செய்து கொண்டுவந்து அந்த மொழியிலேயே விளக்க வேண்டும் என்று. நீ வந்து சொன்னபோது, இப்படியும் ஒரு பாடம் உண்டா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு எதில் பைத்தியம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உன்னில் என்றுதான் சொல்லியிருப்பேன். பிறந்ததிலிருந்து நீ என் இடுப்பில்தானே இருந்தாய்.

இந்த ரஸியாவுக்கு ஃபுட்பால் பைத்தியம். மலையாளத்தில் கமென்ட்ரி கேட்டுக் கேட்டு, இப்போது அந்த மொழியில் கத்த மட்டும் நன்றாக வருகிறது. சாதாரணமாக ஒரு டீ கேட்கச் சொன்னால் திணறுவாள். எழுதிக்கொண்டே முறைக்கிறாள். வேப்பூரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் மகன் முருகவேல், லாரிப் பைத்தியம். வடக்கே இருந்து வருகிற லாரி டிரைவர்களிடம் இந்தி கற்றுக்கொண்டான். முதலில் கற்றது எல்லாம் கெட்ட வார்த்தை. அதை வகுப்பில் கணீரென்று பேச, இந்தி தெரியாத மேடம் கை தட்டினார்களாம். நீ வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, விக்கல் எடுத்து, நான் தண்ணீர் கொடுத்தேன்.

நீ கொரியா மொழியைப் பிடித்தாய். ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிற அம்மா ஒருத்தி, கட்டை முடி, முழங்கை வரைக்கும் மண், ஜாடி செய்வதைப் படம் பிடித்து நெட்டில் போடுவாள். அதற்குக் கீழே நீ கொரியா மொழியில் என்னவோ எழுதினாய். அந்த அம்மா அதைத் திருத்தி, நான்கு வரி பதில் போட்டாள். அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லை. அப்புறம் நீ படம் பிடித்து அனுப்ப, அவள் அனுப்ப, மண்ணுக்கு என்ன சொல்வார்கள், தண்ணீர் கூடிப்போனால் என்ன சொல்வார்கள், விரிசலுக்கு என்ன சொல்வார்கள் என்று நாள் முழுக்க அதே பேச்சு. எனக்கும் சொல்லிக்கொடுக்க வந்தாய். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லேன், ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினாய். எனக்கு எதுக்குடி அதெல்லாம் என்று அச்சைக் கழுவப் போய்விட்டேன்.

மொதலாளி கம்பெனியில் ஒரு மூலையைக் கொடுத்தார். மண்ணைக் கயிறு கயிறாகத் திரித்து, சுற்றிச் சுற்றி ஏற்றி, ஒரு சுற்றை ஏற்றியதும் அது கொஞ்சம் இறுகும்வரை காத்திருந்து அடுத்ததை ஏற்றினாய். உன் தொடை உயரத்துக்குப் பாதி ஜாடி வந்தது. காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தாய். மாசிமகத் தேர் பார்த்துவிட்டு வந்து காய்ச்சல் என்று படுத்தாய். டவுன் ஆஸ்பத்திரி, அங்கிருந்து பாண்டிச்சேரி. ஆம்புலன்ஸில் உன் கால் என் மடியில் இருந்தது. நெய்வேலி தாண்டும்போது கண்ணைத் திறந்தாய்.

"சாக்குல தண்ணி தெளிச்சியாக்கா?"

தெளிச்சிட்டேன்டி, நீ தூங்கு என்றேன். தெளிக்கவில்லை. அதற்கப்புறம் நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்றைக்கே முதல் வேலையாகச் சாக்கை நனைத்தேன். மண் இன்னும் பதமாகத்தான் இருந்தது. யாரோ தெளித்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அதிலிருந்து தினமும் நனைத்தேன். பக்கத்தில் பொம்மைக்குச் சாயம் பூசுகிற வள்ளிக்கண்ணு அக்காதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"எத்தினி நாளுக்குடி இதுக்குத் தண்ணி காட்டுவ? ஒண்ணு முடி, இல்லன்னா கரைச்சி அண்டாவுல ஊத்து."

கரைப்பதா? உன் விரல் பட்ட பள்ளம் எல்லாம் சுவரில் அப்படியே இருக்கிறது. அதைக் கரைத்து முருகன் பொம்மையாக ஊற்றுவேனா?

இதற்கு நடுவில் உன் போனில் அந்தக் கொரியா அம்மா கேட்கிறாள். போனை நான் சார்ஜ் போட்டபடி வைத்திருந்தேன். ரஸியா வந்து அதை மெஷின் தமிழில் மாற்றிப் படித்துச் சொன்னாள். கோமதி, ஜாடி எவ்வளவு உயரம் வந்தது, ஏன் பேசவில்லை, தேர்வா, உடம்பு சரியில்லையா என்று.

"சொல்லிடலாம்க்கா. நான் டைப் பண்ணி மாத்தி அனுப்பிடறேன்."

இரு, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ரஸியாவுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, கோமு. ரேஷன் கடையில் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் எல்லோருடைய முகமும் ஒரே மாதிரி இறங்குகிறது. அந்த அம்மா ஒருத்திக்குத்தான் தெரியாது. அவள் நினைப்பில் மட்டும் நீ இன்னும் மூலையில் உட்கார்ந்து மண்ணைத் திரித்துக்கொண்டிருந்தாய். அந்த ஒரு இடத்திலும் உன்னை நானே போய்ச் சாகடிக்க வேண்டுமா?

அதனால் ஜாடியை முடிக்கலாம் என்று இறங்கினேன். ஜாடி கேட்கிறாள், ஜாடியைக் காட்டுவோம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உன் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பேச்சு புரியாது, கை புரியும். கயிறு எவ்வளவு கனம், கட்டைவிரல் எந்தப் பக்கம் அழுத்துகிறது, எல்லாம் பார்த்தேன். கடைசிப் படத்தில் நீ பாதி ஜாடிக்குப் பக்கத்தில் நின்று நீளமாகப் பேசுகிறாய். நடுவில் வெளியே வெயிலைக் காட்டி, சின்னப் பிள்ளையை மிரட்டுகிற மாதிரி விரலை ஆட்டுகிறாய். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன்.

உன் பாதிக்கு மேல் என் பாதியை ஏற்றினேன். வாய் கொஞ்சம் கோணல். வள்ளிக்கண்ணு அக்கா, மாமியார் சிரித்த மாதிரி இருக்குது என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கப்புறம் நான் செய்ததை ஒரு குயவர் வீட்டுச் சின்னப் பெண்கூடச் செய்யமாட்டாள். அச்சுக்காரிதான் செய்வாள். எங்கள் பொம்மைச் சுவர் தோசைக் கனம். காலையில் பிரித்து எடுத்து வெயிலில் வைத்தால், சாயங்காலம் தட்டினால் சத்தம் வரும். சூளைக்கு ஏற்றிவிடுவோம். கை பழகின வழியில் ஜாடியையும் தூக்கி வெயிலில் வைத்தேன். தட்டிப் பார்த்தேன், சத்தம் வந்தது. சூளை அடுக்குகிற அண்ணன், "உள்ள காஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார். காஞ்சிடுச்சுண்ணா என்றேன். பொம்மைகளோடு சேர்த்து அடுக்கினார்.

சூளையைத் திறந்தபோது இரண்டாகப் பிளந்து கிடந்தது. உன் பாதியும் என் பாதியும் சேர்ந்த இடத்தில், சுற்றி வர, கத்தியால் அறுத்த மாதிரி. மேல்பாதி நொறுங்கிப் பக்கத்துப் பொம்மைகளையும் உடைத்திருந்தது. உன் பாதி மட்டும் முழுசாக, அகலமான தொட்டி மாதிரி நின்றது. மொதலாளி பார்த்துவிட்டு, உடைந்த பொம்மைகளை எண்ணிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. உடைந்த ஜாடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ரஸியாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தைகூட எழுதவேண்டாம் என்றேன். நமக்கு மத்தியானம் என்றால் அங்கே சாயங்காலமாம். வேலை முடிந்த நேரம் போல, உடனே பதில் வந்தது. ரஸியா அதைப் படித்துவிட்டுப் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சொல்லுடி என்று அதட்டிய பிறகுதான் சொன்னாள்.

பரவாயில்லை கோமதி, முதல் ஜாடி எல்லோருக்கும் உடையும். ஆனால் நிழலில் வைத்து மெதுவாகக் காயவிட வேண்டும், வெயிலில் வைக்கவே கூடாது என்று உன் கடைசிப் படத்தில் நீயே அவ்வளவு அழகாகச் சொன்னாயே, அதற்குள் மறந்துவிட்டாயா? மறுபடி செய், நான் காத்திருக்கிறேன். இதுதான் அந்த அம்மா எழுதியது.

நான் எத்தனை தடவை பார்த்தேன் அந்தப் படத்தை. விரலை ஆட்டி ஆட்டி நீ என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். அக்கா வெயிலில் வைப்பாள் என்று உனக்குத் தெரிந்திருக்குமா? நான் சிரித்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தேன்.

எனக்கு அந்த அம்மா சொன்னதில் வேறு ஒன்றுதான் தாங்கவில்லை. மறந்துவிட்டாயா என்று கேட்கிறாள். நீ எதையும் மறக்கிற பெண் இல்லை. அவள் நினைப்பில் உன்னை உயிரோடு வைக்கிறேன் என்று, மறதிக்காரியாக, பதில் எழுதாத திமிர்க்காரியாக, வேறு யாரோ ஒருத்தியாக ஆக்கி வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவளும் சலித்துப்போய் உன்னை விட்டுவிடுவாள். அதற்கு உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது.

ரஸியா டைப் அடிக்கத் தயாராக இருந்தாள். நான் வேண்டாம் என்றேன். மெஷின் சொல்லி அந்த அம்மா அதைக் கேட்கக் கூடாது. என் வாயால் சொல்கிறேன், அவர்கள் மொழியில் சொல்கிறேன், எனக்கு ஒரு வாக்கியம் மட்டும் எடுத்துக் கொடு என்றேன். என் தங்கச்சி செத்துப்போய்விட்டாள் என்பதற்கு அங்கே என்ன சொல்வார்களோ, அதை.

அந்த ஒரு வாக்கியத்தைப் படிக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, கோமு. மண் கூழ் ஊற்றும்போது சொன்னேன், கவிழ்க்கும்போது சொன்னேன். நாக்கு மடங்கவில்லை. வள்ளிக்கண்ணு அக்கா காதைத் தீட்டிக்கொண்டு, "என்னாடி முணுமுணுங்கற, வரப்போற புருசன் பேரா?" என்றாள். ஆமாக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? மற்றவர்களுக்கு ஃபுட்பால் கிடைத்தது, லாரி கிடைத்தது, உனக்கு ஜாடி கிடைத்தது. நான் ஒரு மொழியில் வாயைத் திறக்க எனக்குக் கிடைத்தது இதுதான். நீ கெஞ்சினபோது தண்ணி, மண்ணு என்று ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தால், அதுவாவது எனக்கு முதல் வார்த்தையாக இருந்திருக்கும்.

உன் பாதி ஜாடிக்குப் பக்கத்தில் நின்றேன். ரஸியா போனைப் பிடித்தாள். தலையை வாரிக்கொண்டு நின்றேன், வேற்று மனுஷி பார்ப்பாள் இல்லையா. உன் பெயரைச் சொன்னேன். அப்புறம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரே தடவையில் வந்துவிட்டது, திக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை, கொஞ்சமாவது திக்கியிருக்கலாம். அதை இங்கே எழுதவேண்டாம் என்று ரஸியாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு தடவைக்கு மேல் அதைச் சொல்ல மாட்டேன்.

படத்தை அனுப்பிய அன்றைக்குப் பதில் இல்லை. மறுநாள் படமாகவே வந்தது. அந்த அம்மா மண் கையோடு உட்கார்ந்திருந்தாள், பின்னால் சக்கரம் நின்றிருந்தது. அப்புறம் எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து, அப்படியே நின்றாள். நிமிர்ந்து என்னவோ சொன்னாள். எனக்குப் புரிந்தது கோமதி என்பது மட்டும்தான். அதையும் கோ என்று நீட்டிச் சொன்னாள். மிச்சத்தை ரஸியா மாற்றிப் படித்தாள். உன் தங்கை பேசியதெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நீ எல்லாவற்றையும் கேட்டாயா என்று கேட்டிருந்தாள்.

பார்த்தேன். கேட்டதில்லை.

போனில் உன் படம் நிறைய இருக்கிறது. ஜாடிக்குப் பக்கத்தில், கம்பெனி வாசலில், பஸ் ஸ்டாண்டில், அம்மா தூங்கும்போது கிசுகிசுவென்று. எல்லாம் அந்த மொழியில். என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாய் ஒன்றில். திட்டினாயா, என்ன?

"எல்லாத்தையும் போன்லயே தமிழாக்கிடலாம்க்கா. இன்னிக்கு ஒக்காந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள் ரஸியா.

"அதுக்குத்தான்டி வேணாங்கறேன்."

கோமு, வள்ளிக்கண்ணு அக்கா உன் பாதி ஜாடியை உடைசல் மேட்டில் போட விடவில்லை. அதில் யாரும் எதையும் ஒட்டக் கூடாது என்று மொதலாளியிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு அதைப் பற்றி இல்லை. உன் மொழியைக் கற்றுக்கொள்ளப் போகிறேன். வேறு யார் குரலிலும் இல்லை, உன் குரலில். சாப்பாட்டு வேளையில் ஒரு வார்த்தை, நாக்குக்குப் பழகின பிறகு அடுத்த வார்த்தை. ரஸியா அர்த்தம் கேட்டுச் சொல்வாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது என்று கட்டளை. இவ்வளவு மெதுவாகப் படித்தால் கிழவியாகிவிடுவீர்கள் என்று சிரிக்கிறாள். ஆகட்டும். அவசரப்படமாட்டேன், கோமு. நீ சொல்லி நான் கேட்காதது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எல்லாம் புரிந்துவிட்டால், அப்புறம் உன்னிடமிருந்து எனக்குப் புதிதாக ஒன்றும் வராது.

உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
பூங்காவனம்